கணக்கில் வராத நஷ்டம்

1983-ம் வருடம். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரம். சிறுநீரியல் டாக்டர்களின் வருடாந்திர மாநாடு. மாலை நேரத்தில் ஒரு சொற்பொழிவு, அது முடிந்தவுடன் விருந்து. ஆகவே டாக்டர்களெல்லாம் பளபளவென்று உடுத்திக்கொண்டு, பலர் மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பேச வந்தவர் மட்டும் நீல நிற டிராக் சூட்டில் இருந்தார். ஜாகிங் போன இடத்தில் வழி தவறி உள்ளே நுழைந்துவிட்டவர் மாதிரி.

பெயர் ஜைல்ஸ் பிரிண்ட்லி. பிரிட்டன்காரர். உடலியல் விஞ்ஞானி. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

ஆண்மைக் குறைவு என்றால் அது பெரும்பாலும் மனசு சம்பந்தப்பட்ட சமாசாரம் என்று நம்பிய காலம் அது. பிரிண்ட்லி இல்லை என்றார். அது ரத்தக் குழாய் சமாசாரம். சரியான மருந்தை உறுப்பிலேயே ஊசியாகப் போட்டால், மனசு எங்கே இருந்தாலும் உடம்பு தன் வேலையைச் செய்யும். வரிசையாகப் படங்களைக் காட்டினார். படத்தில் இருப்பது வேறு யாருமல்ல, நான்தான் என்றார். சரி, ஆனால் அந்த நேரத்தில் இவர் மனசில் கிளர்ச்சியான எண்ணம் எதுவும் இல்லை என்று எப்படி நம்புவது? அதற்கும் பதில் வைத்திருந்தார். நாலு பேர் முன்னால் நின்று லெக்சர் கொடுப்பதை எந்த மனிதனும் கிளர்ச்சியான அனுபவம் என்று சொல்ல மாட்டான் அல்லவா? ஆகவே வரும்போதே ஓட்டல் ரூமில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் என்றார்.

சொன்னவர் அதோடு நிறுத்தவில்லை. டிராக் சூட்டை இறக்கிவிட்டார். அதுவும் போதாதென்று, சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்வரிசையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பெண்கள் அலற, அரங்கமே கலவரமாகிவிட்டது.

மருத்துவ உலகத்தில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். அந்த அரங்கத்தில் இருந்தவர்கள் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கத்தி பிடிக்கும் டாக்டர்கள். அவர்களிடம் ஆபரேஷன் செய்துகொண்டு, உயிர் பிழைத்து, வீட்டுக்குப் போய், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்த ஆண்களுக்குக் கணக்கே கிடையாது. அவர்களைப் பற்றி எந்த மாநாட்டிலும் யாரும் பெரிதாகப் பேசியதில்லை. விஷயத்தை அரங்கத்துக்குக் கொண்டுவர ஒரு மனிதர் இப்படிக் கோமாளித்தனம் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் இந்தப் புராஸ்டேட் என்கிற வஸ்து என்னவென்று பார்த்துவிடலாம். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. ஏறக்குறைய ஒரு வாதுமைக் கொட்டை அளவு. விந்துவோடு சேர்கிற திரவத்தில் ஒரு பங்கைத் தயாரிப்பது இதன் உத்தியோகம். வயதானால் வீங்கும். அது வேறு வியாதி. சிலருக்குப் புற்றுநோயாகும். அது வேறு வியாதி. இந்தச் சுரப்பி இருக்கிற இடம்தான் பிரச்னை. மேலே போனால் சிறுநீர்ப்பை, பின்னால் போனால் மலக்குடல், இரண்டு பக்கமும் தாம்பத்யத்துக்கு வேண்டிய நரம்புகள். எதையும் தொடாமல் இதை மட்டும் எடுப்பதென்றால், கல்யாணப் பந்தியில் நடு வரிசையில் இருப்பவரை யார் இலையையும் மிதிக்காமல் வெளியே கூட்டி வருவது மாதிரி.

1904-ம் வருடம் ஏப்ரல் மாதம், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹக் ஹாம்ப்டன் யங் என்ற டாக்டர், புற்றுநோய் தாக்கிய புராஸ்டேட்டை முழுசாக எடுக்கும் ஆபரேஷனைச் செய்தார். பெரிய சாதனை. பிற்பாடு 'டயமண்ட் ஜிம்' பிராடி என்ற கோடீஸ்வரர் அவரிடம் வந்தார். ரயில்வே சாமான் விற்றுச் சம்பாதித்தவர். வைர நகைகளுக்கும் சாப்பாட்டுக்கும் பேர் போனவர். அவருக்கு இருந்தது புற்றுநோய் அல்ல, வீக்கம். யங் சரி செய்தார். மகிழ்ந்துபோன பிராடி பணத்தைக் கொட்டிக் கொடுக்க, 1915-ல் அதே மருத்துவமனையில் அவர் பெயரால் ஒரு சிறுநீரியல் நிலையமே வந்துவிட்டது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

புற்றுநோய் ஆபரேஷன் தொடர்ந்தது. உயிர் பிழைத்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் அநேகமாக எல்லாருக்கும் ஆண்மை போனது. பலருக்குச் சிறுநீர் கட்டுப்படாமல் ஒழுகியது. டாக்டர்கள் இதை மறைக்கவில்லை. விதி என்று எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். புத்தகத்தில் வரவுப் பத்தி மட்டும் இருந்தது: இத்தனை பேர் பிழைத்தார்கள், இத்தனை வருடம் இருந்தார்கள். பற்றுப் பத்தி காலி. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த டாக்டரிடம் போய், ஐயா, அந்த விஷயம் என்னாச்சு என்று எந்தப் பெரியவர் கேட்பார்? அவர் கேட்காதபோது மனைவி எப்படிக் கேட்பார்?

அடுத்த அத்தியாயம் சிகாகோவில் நடந்தது. சார்லஸ் ஹக்கின்ஸ் என்கிற டாக்டர் நாய்களை வைத்துப் புராஸ்டேட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார். மனிதனைப் போலவே நாய்க்கும் இந்தச் சுரப்பியில் கட்டி வரும். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் சுரப்பி சுருங்கிவிடுகிறது என்று கவனித்தார். 1941-ல் முடிவை வெளியிட்டார். விரைகளை அகற்றினாலோ, பெண் ஹார்மோன் கொடுத்தாலோ, எலும்பு வரை பரவிவிட்ட புற்றுநோய்கூடப் பின்வாங்குகிறது. வலியில் துடித்தவர்கள் எழுந்து நடமாடினார்கள். 1966-ல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு. நியாயமான பரிசு, சந்தேகமே இல்லை.

ஆனால் பற்றுப் பத்தி?

ஆண் ஹார்மோன் போனால் போவது திறன் மட்டுமல்ல, ஆசையே போய்விடும். திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்க்கும். பெண் ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்களுக்கு மார்பு வீங்கும். தசை கரையும். மனசு சோர்ந்து போகும்.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைப் புரிந்துகொள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், கோர்ட்டுக்குப் போனால் போதும். கம்ப்யூட்டர் இயலின் பிதாமகர்களில் ஒருவரான ஆலன் டூரிங்கை, ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காக 1952-ல் பிரிட்டனில் தண்டித்தார்கள். ஜெயிலுக்குப் போகிறாயா, ஆசையை அடக்கச் செயற்கைப் பெண் ஹார்மோன் எடுத்துக்கொள்கிறாயா என்றார்கள். அவர் ஹார்மோனைத் தேர்ந்தெடுத்தார். அதே ரக மருந்துதான் அதே சமயத்தில் புற்றுநோய் வார்டுகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. கோர்ட் அதைத் தண்டனை என்றது. ஆஸ்பத்திரி அதைப் பக்கவிளைவு என்றது. அனுபவித்த உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

நோயாளிக்கு வேறு வழி இல்லை என்பது உண்மை. பரவிவிட்ட நோய்க்கு இன்றைக்கும் ஹார்மோனை அடக்குவதுதான் அஸ்திவாரம். 1985-ல் இருந்து அதற்கு ஊசி வந்துவிட்டது. விரையை அறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஊசி செய்கிற காரியமும் அதேதான். வீட்டில் இருக்கும் மனைவிக்கு இதை யாராவது முன்கூட்டியே விளக்கினார்களா? 'இவருக்கு உங்கள்மேல் அன்பு குறையவில்லை அம்மா, மருந்து செய்கிற வேலை இது' என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி. அது சொல்லப்படாமல் எத்தனை வீடுகளில் எத்தனை வருடம் சந்தேகத்திலேயே கழிந்திருக்கும்!

இப்போது பிராடி நிலையத்துக்குத் திரும்பலாம். 1974-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு பேட்ரிக் வால்ஷ் என்ற இளம் டாக்டர் வந்தார். அவருக்கு முதல் எதிரி ரத்தம். புராஸ்டேட்டை எடுக்கும்போது ரத்தம் குளம் கட்டும். எது நரம்பு, எது சதை என்றே தெரியாது. ஏறக்குறைய கண்ணைக் கட்டிக்கொண்டு அறுக்கிற கதை. வால்ஷ் முதலில் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த வழி கண்டுபிடித்தார். களம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது.

1977-ல் ஒரு நோயாளி, ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து வந்து, தன் தாம்பத்ய வாழ்க்கை பழையபடி இருக்கிறது என்று சொன்னார்.

வால்ஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டுக்கு உள்ளேயே ஓடுவதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். சுரப்பியை எடுத்தால் நரம்பும் போயாக வேண்டும். போகவில்லை என்றால் நரம்பு அங்கே இல்லை என்று அர்த்தம். அப்படியானால் எங்கே இருக்கிறது?

பதில் ஹாலந்தில் கிடைத்தது. 1981 பிப்ரவரியில் லெய்டன் நகரத்துக்குப் போன வால்ஷ், அங்கே பீட்டர் டாங்கர் என்ற ஓய்வுபெற்ற சிறுநீரியல் பேராசிரியரைச் சந்தித்தார். ரிட்டயரான மனிதர் சும்மா இருக்காமல், இறந்து பிறந்த ஒரு சிசுவின் உடலில் சிறுநீர்ப்பையின் நரம்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிரித்துக்கொண்டிருந்தார். பெரியவர்களின் சடலத்தில் கொழுப்புக்குள் புதைந்து காணாமல் போகிற மெல்லிய இழைகள், சிசுவின் உடலில் பளிச்சென்று தெரிந்தன. ஆணுறுப்புக்குப் போகும் நரம்புகளையும் சேர்ந்து தேடலாமா என்று இருவரும் உட்கார்ந்தார்கள். கிடைத்துவிட்டது. நரம்புகள் சுரப்பிக்கு உள்ளே இல்லை. வெளியே, இரண்டு பக்கமும், ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன.

எழுபது வருடத்துக்கும் மேலாக டாக்டர்கள் அவை அங்கே இருப்பதே தெரியாமல் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

1982 ஏப்ரலில் வால்ஷ், நரம்புகளை வேண்டுமென்றே காப்பாற்றி முதல் ஆபரேஷனைச் செய்தார். நோயாளிக்கு வயது ஐம்பத்திரண்டு. புற்றுநோயும் போனது, ஆண்மையும் திரும்பியது. எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. கட்டி நரம்பைத் தொட்டிருந்தால் நரம்பையும் எடுத்தே ஆக வேண்டும். காப்பாற்றிய நரம்பும் அதிர்ச்சியிலிருந்து தேற ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். வயதும் சர்க்கரையும் தங்கள் பங்குக்கு வேலை காட்டும். ஆனாலும் இது திருப்புமுனை. யோசித்துப் பாருங்கள். ஒரு நோயாளி வாயைத் திறந்து சொன்னதில் தொடங்கியது இது. அவரும் கூச்சப்பட்டுப் பேசாமல் போயிருந்தால்?

அதன்பிறகு தீர்வுகள் வரிசை கட்டின. அமெரிக்காவின் அகஸ்டா நகரத்தில் டயர் வியாபாரம் செய்துகொண்டிருந்த கெடிங்ஸ் ஆஸ்பன் என்பவர், தன் சொந்தப் பிரச்னைக்காகத் தானே செய்துகொண்ட வெற்றிடப் பம்புக்கு 1982-ல் அரசாங்க அனுமதி கிடைத்தது. காற்றை உறிஞ்சினால் ரத்தம் வந்து நிரம்பும். டயர்க்காரருக்குத் தோன்றக்கூடிய யோசனைதான். 1983-ல் பிரிண்ட்லியின் கூத்து. அதற்கு முந்தைய வருடமே பாரிஸில் ரொனால்ட் விராக் என்ற டாக்டரும் இதே ஊசி வழியைக் கண்டு எழுதியிருந்தார். 1998 மார்ச்சில் வயாக்ரா மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இதய வலிக்காகச் சோதித்துப் பார்த்த மருந்து, வேறு இடத்தில் வேலை செய்து கோடி கோடியாகக் குவித்தது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வயாக்ரா மந்திரக்கோல் அல்ல. நரம்பு அனுப்புகிற செய்தியை அது பெரிதாக்கிக் கொடுக்கும், அவ்வளவே. நரம்பே அறுந்துவிட்டால் பெரிதாக்க எதுவுமில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையைவிட ஊசியும் பம்பும்தான் உதவும். இது தெரியாமல் மாத்திரையை விழுங்கிவிட்டு, பலிக்கவில்லை என்றதும் 'இனி அவ்வளவுதான்' என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். நம்மூரில் லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர்களின் பிழைப்பும் இந்த அறியாமையில்தான் ஓடுகிறது.

வயாக்ரா சமயத்தில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பாப் டோல். 1996 ஜனாதிபதி தேர்தலில் கிளிண்டனிடம் தோற்றவர். 1991-ல் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். வயாக்ரா பரிசோதனையில் தானும் கலந்துகொண்டதாக 1998-ல் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு டி.வி. விளம்பரத்திலும் தோன்றி, இந்தப் பிரச்னையை டாக்டரிடம் பேசுங்கள் என்றார். உலகப் போரில் குண்டடி பட்ட மனிதர், நாட்டை ஆள ஓட்டுக் கேட்ட மனிதர். டி.வி. காமெடியன்கள் வருடக்கணக்கில் கிண்டலடித்தார்கள். அடித்தால் என்ன? பற்றுப் பத்தியில் முதல் முறையாக ஊரறிந்த ஒரு பெயர் விழுந்தது.

சரி, ஆபரேஷனே எல்லாருக்கும் தேவையா? லாஸ் வேகாஸ் அரங்கத்தில் அன்று உட்கார்ந்திருந்த இளம் டாக்டர்களில் லாரன்ஸ் கிளாட்ஸ் என்பவரும் ஒருவர். கனடாக்காரர். பிரிண்ட்லி கதையை 2005-ல் எழுதி உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். அவரே 1990களில் இன்னொரு காரியத்தையும் ஆரம்பித்தார். வீரியமில்லாத புராஸ்டேட் புற்றுநோயாக இருந்தால் உடனே கத்தியை எடுக்காதீர்கள். கண்காணியுங்கள். வளர்ந்தால் பார்த்துக்கொள்ளலாம். அப்போது இதைப் பைத்தியக்காரத்தனம் என்றவர்கள் உண்டு.

பிரிட்டனில் செய்த பெரிய ஆய்வு ஒன்று இதற்குத் தீர்ப்பு சொன்னது. சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய் உள்ள 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு. 2023-ல் வெளியான பதினைந்து வருடக் கணக்குப்படி, புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மூன்று பிரிவுக்கும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. 2016-ல் இதே ஆய்விலிருந்து இன்னொரு கணக்கை வெளியிட்டிருந்தார்கள். உறவு கொள்ளப் போதுமான விறைப்பு, ஆரம்பத்தில் 67 சதவிகிதம் பேருக்கு இருந்தது. ஆறே மாதத்தில், கண்காணிப்புப் பிரிவில் 52 சதவிகிதம். கதிர்வீச்சில் 22. ஆபரேஷனில் 12. ஆறு வருடம் கழித்து முறையே 30, 27, 17. வயது எல்லாரையும் கீழே இறக்கியது. கண்காணிப்பில் இருந்தவர்களில் பலர் பிறகு சிகிச்சைக்கும் போனார்கள். ஆனால் அடி வாங்கிய வேகமும் ஆழமும் ஒன்றல்ல.

கடைசியில் பற்றுப் பத்தியை எழுதிவிட்டார்கள். நோயாளிகளைக் கேட்டு, அவர்கள் வாயால் சொன்னதை எழுதினார்கள்.

இதிலும் ஒரு ஆள் விடுபட்டிருக்கிறார். மனைவி.

தாம்பத்யப் பிரச்னையில் ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது வீண், இருவரையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டும் என்று மாஸ்டர்ஸ் - ஜான்சன் ஜோடி 1970-லேயே சொல்லிவிட்டது. புற்றுநோய் வார்டுக்கு இது வந்து சேர ரொம்பக் காலம் பிடித்தது. 2022-ல் வெளியான ஒரு சர்வதேச வழிகாட்டி, சிகிச்சைக்கு முன்பே துணையையும் சேர்த்து உட்கார வைத்துப் பேச வேண்டும் என்கிறது. உண்மையில் என்ன இழப்பு வரும் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்கிறது. இழந்ததற்காக வருத்தப்படுவது இயற்கை, அதற்கு இடம் கொடுங்கள் என்றும் சொல்கிறது.

ஏன் என்றால், இந்தத் தம்பதிகளோடு வேலை செய்தவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றைத்தான். ஆபரேஷனுக்குப் பிறகு கணவன் உறவை மட்டும் நிறுத்துவதில்லை. தொடுவதையே நிறுத்திவிடுகிறான். தோளில் கை போட்டால் அடுத்து அது எங்கே போகும், போய் முடிக்க முடியுமா என்கிற பயம். எதற்கு வம்பு என்று ஒதுங்கிவிடுகிறான். மனைவிக்கு அந்தப் பயம் தெரியாது. தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைக்கிறாள். கேட்டால் அவர் மனசு புண்படுமே என்று பேசாமல் இருக்கிறாள். அவள் பேசாததை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறான். கத்தி அறுத்தது ஒரு நரம்பை. மிச்சத்தை அறுத்தது இந்த மௌனம்.

இத்தனைக்கும் மிச்சம் நிறையவே இருக்கிறது. சுரப்பியை எடுத்த பிறகு விந்து வராது. ஆனால் உச்சகட்ட உணர்வு பலருக்கு அப்படியே இருக்கும். விறைப்பே இல்லாதவர்களுக்கும் அது சாத்தியம். தோல் இருக்கிறது, விரல் இருக்கிறது, பேச்சு இருக்கிறது. 'முடிக்க வேண்டும்' என்ற கட்டாயமே இல்லாமல் தொட்டுக்கொண்டிருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள் என்றுதான் ஆலோசகர்கள் சொல்கிறார்கள். கேட்க எளிது. முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிராதவர்களுக்கு அதுதான் மலை.

கார்னீலியஸ் ரயன் என்ற எழுத்தாளரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரின் நார்மண்டி படையெடுப்பைப் பற்றி 'தி லாங்கஸ்ட் டே' எழுதியவர். படமாகவும் வந்தது. ஆயிரக்கணக்கான சிப்பாய்களிடம், ஊர் மக்களிடம் பேசிப் பேசி, அவர்கள் பயத்தை எல்லாம் வெளியே கொண்டுவந்த மனிதர். 1970-ல் அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. வலியோடு மல்லுக்கட்டியபடி தன் கடைசிப் புத்தகமான 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' எழுதி முடித்தார். அது வெளியான 1974-லேயே நவம்பர் மாதம் இறந்துபோனார்.

அதன்பிறகுதான் அவர் மனைவி கேத்ரினுக்கு அந்த டேப்கள் கிடைத்தன. நோய் தெரிந்ததிலிருந்து தன் மனசில் ஓடியதையெல்லாம் ரயன் ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார். கேத்ரின் அவற்றோடு தன் பக்கத்துக் கதையையும் சேர்த்து எழுதினார். 1979-ல் 'எ பிரைவேட் பேட்டில்' என்ற பெயரில் புத்தகமாக வந்தது. அட்டையில் ஆசிரியர்கள் என்று கணவன், மனைவி இருவரின் பெயரும் இருக்கிறது.

ஒரே வீட்டில் இருந்தவர்கள். அவர் டேப்பிடம் சொன்னதெல்லாம் அவளுக்கு வந்து சேர, அவர் போக வேண்டியிருந்தது.